தென்மேற்கு மூலையில் நீலம்

13 நவம்பர், புதன்

கீழ்நாரையூர் பெரிய ஏரி பகல் பதினோரு மணிக்கு உடைந்துவிட்டது. கரைக்குக் கீழே அறுபது வீடுகள். ஒருவரைத் தவிர எல்லோரும் பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பித்துவிட்டார்கள். எத்திராஜ் என்று ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, தொழுவத்தில் மாட்டை அவிழ்க்கப் போனவர் திரும்பவில்லை. மூன்று மணிக்கு உடல் கிடைத்தது.

நான் காலையில் எழுதிய குறிப்பில் கீழ்நாரையூர் இல்லை. எழுதினால் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் புள்ளியியல் உதவியாளர் நான். இருநூற்றுப் பதினான்கு ஏரிகளின் நீர்மட்டமும் விடியற்காலையில் ஃபோனில் வந்துவிடும். எனக்கு உதவியாக இருக்கும் பிலோமினா அதைக் கணினியில் ஏற்றுவாள். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு வட்டமாக வரைபடம் சுவரில் விழும். பயமில்லை என்றால் நீலம், நிரம்பி வருகிறது என்றால் மஞ்சள், உடைப்பு அபாயம் என்றால் சிவப்பு. நான் அறையின் நடுவில் நின்று ஒரு பார்வை பார்த்து, சிவப்பு ஏரிகளின் பெயரைச் சொல்வேன். பிலோமினா தட்டச்சு செய்து ஏழு மணிக்குள் எல்லா வருவாய் ஆய்வாளர்களுக்கும் அனுப்புவாள். படத்தை அவர்களும் கணினியில் திறந்து பார்க்கலாம், ஆனால் பார்க்கிறவர்கள் அல்ல. குறிப்பில் பெயர் இருந்தால்தான் வண்டியை எடுப்பார்கள்.

முன்பெல்லாம் குறிப்போடு ஒரு பட்டியலும் போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை ஒழித்தவன் நான்தான். இருநூறு வரியை எவன் படிப்பான்? நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு இருந்தால், மனசு யோசிப்பதற்குள் கண் போய் அதைப் பிடித்துவிடும். பார்க்க வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் மூன்றே விநாடியில் சிவப்பை எண்ணிக் காட்டியிருக்கிறேன்.

இன்று பிலோமினா விடுப்பு. அவள் தங்கைக்கு நிச்சயம். வீட்டிலிருந்தே அளவுகளை ஏற்றிவிட்டாள். ஆறே முக்காலுக்கு ஃபோன் செய்து என்னமோ சொல்ல வந்தாள். “போய் விசேஷத்தைப் பாரும்மா” என்று வைத்துவிட்டேன். நானே பார்த்து, நானே தட்டச்சு செய்து, நானே அனுப்பினேன். நான்கு சிவப்பு.

நான்குதான் இருந்தது. வரைபடத்தின் தென்மேற்கு மூலை முழுக்க நீலம். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

14 நவம்பர், வியாழன்

காலையில் முதல் வேலையாக நேற்றைய படத்தைத் திறந்தேன். திரையின் இடது கீழ் மூலைக்கு நேராகப் போய்க் கீழ்நாரையூரைத் தேடினேன். சிவப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுக் காலை இது இங்கே இல்லை.

15 நவம்பர், வெள்ளி

விசாரணை. துணை ஆட்சியர் இன்பவல்லி மேடம்தான் எங்கள் பிரிவுக்குத் தலைமை. குரலை உயர்த்தவே மாட்டார், அதனால்தான் எல்லோருக்கும் பயம்.

“படத்துல அஞ்சு இருக்கு, குறிப்புல நாலு இருக்கு. எப்படி சபாநாயகம்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் பார்த்தபோது நான்குதான். பிறகு ஐந்தாகியிருக்கிறது. புது அளவு ஏறும்வரை வட்டம் முந்தின நாள் நிறத்திலேயே நிற்கும். அப்படியென்றால் அந்த ஏரியின் அளவை யாரோ தாமதமாக ஏற்றியிருக்க வேண்டும். கடவுச்சொல் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவன் நான்.

பிலோமினா பக்கத்திலேயே நின்றாள். நிச்சயத்துக்கு வைத்த மருதாணி கையில் அப்படியே இருந்தது. ஒப்பந்த ஊழியர், வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒருநாள் தாமதமாக வந்ததில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

“அஞ்சே முக்காலுக்கே ஏத்திட்டேன் மேடம்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சார், நீங்க அந்தப் பக்கம் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினெட்டு வருஷமாகப் படம் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? “நான் பாக்காம வேற யாரு பாத்தாங்க?” என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தாளே, அதுதான் என் சந்தேகத்தை உறுதியாக்கியது. அவள்மேல் புகாரை எழுத்துமூலமாகவும் கொடுத்துவிட்டேன்.

அளவு கணினியில் ஏறிய நேரத்தைக் கேட்டுச் சென்னை அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. பதில் வரும்வரை அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தவறு நிரூபணமானால் வேலை போகும், போலீஸ் வழக்கும் வரலாம் என்று கிளார்க்குகள் பேசிக்கொள்கிறார்கள்.

17 நவம்பர், ஞாயிறு

மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு பூ வண்டிக்காரன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தான். ஸ்கூட்டரின் இடது கண்ணாடி அதில் இடித்து உடைந்தது. என் மனைவி புனிதா பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி நடுரோட்டில் இல்லை, ஓரமாகத்தான் நின்றது என்கிறாள். இறங்கி ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் இப்படிச் செய்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் இன்னொரு சண்டை.

“துவையல் வைக்கலையா?”

“வச்சிருக்கேனே.”

“எங்க வச்ச?”

அவள் பதில் சொல்லாமல் தட்டைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினாள். துவையல் இருந்தது. திருப்பும்போது வைத்திருப்பாள், கை வேகம் அப்படி. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பங்குனியிலேர்ந்து இப்படித்தாங்க இருக்கு. அந்தக் கல்யாணத்துல தலைவலின்னு வாந்தி எடுத்தீங்களே, அப்பலேர்ந்து. காப்பி டம்ளர எத்தனை தடவ தட்டி விட்டிருக்கீங்க, தெரியுமா? கண்ணாடிய மாத்துங்க.”

வெயிலில் அலைந்தால் யாருக்கும் தலைவலி வரும். ஆனாலும் கண்ணாடி மாற்றி நாலு வருஷம் ஆகிறது, போகலாம்.

19 நவம்பர், செவ்வாய்

கண் மருத்துவமனை. கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தேன். பரிசோதித்த பெண்ணே அசந்துபோனாள். கிளம்பியிருக்க வேண்டும். புனிதா போய் அந்தப் பெண்ணின் காதில் ஏதோ ஓதினாள். இன்னொரு சோதனை என்றார்கள்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். நடுநடுவே வெகுநேரம் ஒன்றுமே வராது. மிஷின் நின்றுவிட்டதா என்று இரண்டு முறை கேட்டேன். “ஓடிட்டுதான் இருக்கு சார், நடுவுலயே பாருங்க” என்றாள்.

பிறகு காகிதத்தைக் கொடுத்தாள். வலது கண்ணுக்கு ஒரு வட்டம், இடது கண்ணுக்கு ஒரு வட்டம். இரண்டிலும் இடது கீழ்க் கால்பங்கு, கத்தரித்து ஒட்டினமாதிரி கறுப்பு.

படம் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும் என்றால் கோளாறு அந்தக் கண்ணில். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, பொதுவான வேறொன்றில். மிஷினில்தான் என்று அவளிடம் சொன்னேன்.

“மிஷினா இருந்தா எல்லாருக்கும் அப்படி வரணுமே சார்” என்றாள். நாளை மூளை டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்தாள்.

20 நவம்பர், புதன்

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம், வலதுபுறத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. பழைய அடைப்பு. ஏழெட்டு மாசம் இருக்கும் என்றார் டாக்டர். பங்குனி.

நான் வாதாடினேன். பார்வை போயிருந்தால் அங்கே கறுப்பாக ஒரு ஓட்டை தெரிய வேண்டாமா? எனக்கு அப்படி எதுவும் இல்லையே?

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “உங்க தலைக்குப் பின்னால என்ன தெரியுது? கறுப்பா தெரியுதா?”

“ஒண்ணும் தெரியல.”

“கறுப்பும் தெரியல, இல்ல? அதே மாதிரிதான் இது. ஓட்டை இருக்குன்னு சொல்றதுக்கும் மூளையில ஒரு இடம் வேணும். அந்த இடமே போயிடுச்சு. மிச்ச மூளை சும்மா இருக்காது சார். பக்கத்துல என்ன இருக்கோ அதையே இழுத்து நிரப்பிடும். சுவரு பக்கத்துல சுவரு, வானத்துக்குப் பக்கத்துல வானம்.”

நீலத்துக்குப் பக்கத்தில் நீலம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கண்ணைத் திருப்பிப் பார்த்துப் பழகினால் சமாளிக்கலாமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வண்டி ஓட்டவே கூடாதாம். சாவியைப் புனிதா அங்கேயே என் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பதின்மூன்றாம் தேதிப் படத்தைப் பெரிய காகிதத்தில் அச்செடுத்து ஹாலில் ஒட்டினேன். அறையில் நிற்கிற தூரத்திலேயே நின்றேன். நடுவில் பார்த்தேன். நான்கு. கண்ணை இடது கீழே இறக்கினேன். ஐந்து. மறுபடி நடுவில் பார்த்தேன். கீழ்நாரையூர் நீலமாகிவிட்டது. மங்கவில்லை, மறையவில்லை. ஏரி இருந்த இடத்தில் சாதுவாக ஒரு நீலம் உட்கார்ந்திருந்தது.

எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. புனிதா வந்து காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

21 நவம்பர், வியாழன்

அலுவலகம் போனேன். மேடத்திடம் சொல்ல நேரம் அமையவில்லை. அவருக்கு அடுத்தடுத்துக் கூட்டம்.

23 நவம்பர், சனி

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. கணினியில் தேதி மட்டும்தான் பதிவாகுமாம், நேரம் பதிவாகாதாம். பிலோமினா ஐந்தே முக்காலுக்கு ஏற்றினாளா, பதினொன்றுக்கு ஏற்றினாளா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் எழுத்து ஒன்றுதான் சாட்சி.

படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம். கண்ணைத் திருப்பிப் பார்த்துப் பழகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். நானா இப்படி நினைத்தேன் என்று எனக்கே திக்கென்றது.

பிலோமினாவின் டிபன் பாக்ஸ் மேஜையிலேயே கிடக்கிறது. நாளை கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பாவம், புதுசு.

24 நவம்பர், ஞாயிறு

பிலோமினா வீடு மாதா கோயில் தெருவில். பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, “உக்காருங்க சார்” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து என் இடது பக்கம் வைக்காமல், சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் வைத்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“ஏப்ரல்லயே தெரியும் சார். குடிதண்ணி இல்லாத ஊருக்கெல்லாம் படம் போட்டோமே, அப்ப. நீங்க சொல்ற பேருல அந்த மூலை ஊரு மட்டும் வராது. ஒரு தடவ, ரெண்டு தடவன்னா மறதின்னு நெனைக்கலாம். தெனம் வரல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன சார், தட்டச்சு பண்றது நான்தானே. நீங்க விட்டத நானே சேத்து அனுப்பிடுவேன்.”

எட்டு மாசம். அந்தக் குறிப்புகளின் கீழே என் பெயர் இருக்கிறது. ஆகஸ்டில் பாராட்டுக் கடிதம்கூட வாங்கினேன், ஒரு பிழைகூட இல்லாத குறிப்புகள் என்று.

“எத்தனை தடவை?”

“நாப்பது இருக்கும்.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “சொன்னேனே சார். மொத தடவையே சொன்னேன். ‘ஒரு படத்தப் பாக்கக்கூடத் தெரியாதவளுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது’ன்னு தாசில்தார்லாம் இருக்கும்போது கேட்டீங்க.”

கேட்டேன். நினைவிருக்கிறது. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

“அன்னைக்குக் காலையிலயும் அதச் சொல்லத்தான் ஃபோன் பண்ணேன். ‘இன்னைக்கு ஒரு நாள் அந்த மூலைய மட்டும் கிட்ட போய்ப் பாத்துடுங்க’ன்னு. நீங்க வச்சிட்டீங்க. மறுபடியும் பண்ணலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க.”

விசாரணையில் இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் தப்பித்திருப்பாளே.

“என்னன்னு சொல்றது? எட்டு மாசமா தெரியும், வாய மூடிக்கிட்டு இருந்தேன்னா? நான் சேத்து சேத்து அனுப்பாம இருந்திருந்தா ஏப்ரல்லயே மாட்டியிருப்பீங்க. வைத்தியம் பாத்திருப்பீங்க. ஒரு உயிரு போயிருக்காது.” முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். “அந்தாளு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் சார். நீங்க போனீங்களா?”

நான் போகவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் அவமானமாக இருந்தது. நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். எழுதியே ஆக வேண்டும்.

25 நவம்பர், திங்கள்

கொடுத்துவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது என்று ஒரு பக்கம். ஸ்கேன், கண் சோதனைத் தாள் எல்லாம் இணைத்தேன்.

மேடம் நம்பவில்லை!

“இந்த மாதிரி ஆஸ்பத்திரிப் பேப்பர் மாசத்துக்குப் பத்து பாக்கறேன். பங்குனியிலேர்ந்து கண்ணு தெரியலன்னா, எட்டு மாசமா ஒரு தப்புகூட இல்லாம எப்படிக் குறிப்பு எழுதினீங்க? நானே பழைய குறிப்பெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். அந்த மூலை ஊரெல்லாம் சரியா வந்திருக்கு.”

“அது பிலோமினா சேர்த்தது மேடம்.”

“அந்தப் பொண்ணு அழுதுச்சா? பரிதாபப்பட்டு உங்க தலையில போட்டுக்கறீங்களா?”

என் பேரைக் காப்பாற்ற அவள் செய்த நாற்பது திருத்தமும் இப்போது அவளுக்கே எதிராக நிற்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நாளைக்குள் முடிவெடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்கிறார். வேறு வழி தெரியாமல் ஒன்று கேட்டேன். “நாளைக்குப் பிலோமினாவையும் கூப்பிடுங்க மேடம். படத்துல உங்க இஷ்டத்துக்குச் சிவப்பை மாத்தி வைங்க. எத்தனை, எங்கேன்னு எனக்குச் சொல்லாதீங்க. எல்லார் முன்னாடியும் நான் எண்ணுறேன்.”

26 நவம்பர், செவ்வாய்

பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறை நிறைந்துவிட்டது. தாசில்தார்கள், கிளார்க்குகள், பொதுப்பணித் துறைக்காரர்கள். பிலோமினா கதவோரம் நின்றாள். என்னை வெளியே அனுப்பிவிட்டு மேடமே கணினியில் உட்கார்ந்து வட்டங்களை மாற்றினார். பிறகு கூப்பிட்டார்கள்.

வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். இத்தனை நாள் நின்ற அதே தோரணையில் கால் தானாகப் போய் நின்றது, வெட்கமாக இருந்தது. படம் சுவரில் விழுந்தது. நடுவில் பார்த்தேன். கண்ணை நகர்த்தவில்லை.

நகர்த்தினால் தெரிந்துவிடும். ஒரு நொடி போதும். சரியாக எண்ணிச் சொல்லிவிட்டால் என் கண்ணில் குறையில்லை, குறிப்பில் குறையில்லை, நான் பழைய சபாநாயகம். அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை.

வடக்கே ஒன்று தெரிந்தது. கிழக்கே இரண்டு. மற்றதெல்லாம் நீலம், நல்ல தெளிவான நீலம். சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை. அங்கே ஏதோ வைத்திருப்பார்கள் என்று தெரிந்தும், டாக்டர் சொன்னதெல்லாம் தெரிந்தும், அங்கே நீலம்தான் இருக்கிறது என்று என் கண் அடித்துச் சொன்னது.

“மூணு” என்றேன்.

பின்னால் யாரோ ஒரு பெண், “ஐயோ மாதாவே” என்றாள். பிலோமினா இல்லை, வேறு யாரோ. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. இரண்டு வருஷமாக இந்தப் படத்தைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்த அத்தனை பேரும் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் நின்றவர்களின் முகங்கள்தான் தெரிந்தன.

“சபாநாயகம்,” மேடத்தின் குரல் பிசிறியது, “இன்னொரு தடவ எண்ணுங்க.”

“மூணுதான் மேடம்.”

“பிலோமினா, நீ சொல்லும்மா. எத்தனை இருக்கு?”

அவள் கதவோரத்திலிருந்தே சொன்னாள்.

“பதினொண்ணு.”

நான் அப்போதும் நடுவிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு ஏரி. எட்டு ஊர். அங்கே நீலம் அப்படியே இருந்தது.